இருக்கலாம் என்ற சொல்

பிப்ரவரி 9

டேய் ஒல்லி,

நீ இப்போது ஒல்லி இல்லை என்று எனக்குத் தெரியும். போன தடவை வந்தபோது சோபாவிலிருந்து எழுந்திருக்க நீ பட்ட பாட்டைப் பார்த்தேன். இருந்தாலும் வாயில் அதுதான் வருகிறது.

போனில் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன். போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், நீ என்ன சொல்வதென்று தெரியாமல் ம் கொட்டிக்கொண்டே இருப்பாய். உன் ஆபீசிலோ போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் கடிதம்.

என் இடது குதிகாலில் ஒரு கறுப்பு இருக்கிறது. சட்டைப் பொத்தானை விடப் பெரியது. ஓரம் ஒழுங்காக இல்லை. அதை நான் கண்டுபிடிக்கவில்லை. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு நீச்சல் குளத்தின் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துக் காட்டுவேன். பின்னால் நிற்கும் பிள்ளைகளுக்கு என் உள்ளங்கால்தான் தெரியும். தண்ணீரைக் கண்டாலே நடுங்கும் ஒரு பெண், "டீச்சர், உங்க கால்ல மை கொட்டியிருக்கு" என்றாள். வீட்டுக்கு வந்து கால் தேய்க்கும் கல்லால் தேய்த்தேன். போகவில்லை. உன் மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் கொஞ்சம் சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். அந்த வாரத்தோடு அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல். போகிற அவசரத்தில் இருந்தாள். ரிப்போர்ட் வந்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன்: "ஆரம்பநிலை மெலனோமாவாக இருக்கலாம். முழுவதும் அகற்றிப் பரிசோதிப்பது நல்லது." மெலனோமா என்பது தோலில் வரும் புற்றுநோய் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குத்தான் அன்று யாரோ சொல்ல வேண்டியிருந்தது.

ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் ஜன்னலுக்குப் போனேன். அங்கிருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்து, "உங்க கோட் சாதாரண வரிசையில விழுந்திருக்கும்மா. ஆகஸ்ட்ல கூப்பிடுவாங்க" என்றார்.

"புற்றுநோய்னு எழுதியிருக்கே சார்."

"இருக்கலாம்னுதானே எழுதியிருக்கு. புற்றுநோய்க் கோட் விழுந்தா கம்ப்யூட்டரே உங்களை முன்னால தள்ளிடும். நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

அந்த ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகளைப் படித்து, நோய்க்கு ஏற்ற எழுத்தும் எண்ணுமாகக் கோட் போடுவது உன் கம்பெனிதானே. நீ இந்த வேலைக்குச் சேர்ந்தபோது, மகன் எங்கேயோ கோடு போடுகிறான் என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். ரோட்டில் வெள்ளைக் கோடு போடுகிற வேலை என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டார்கள். இப்போது அக்காவுக்காக ஒரு கோட் போடு. வேறு ஒன்றும் உன்னிடம் கேட்கவில்லை.

அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் குளியலறையில் போய் உட்கார்ந்திருந்தேன். வேறு எங்கே போவதென்று தெரியவில்லை.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு தெரிந்தால் திட்டுவாய். உன் கோப்பு போன மாதம் என் திரைக்குத்தான் வந்தது. உன் பெயரையும் பிறந்த தேதியையும் பார்த்தேன். சொந்தக்காரர் கோப்பைத் திறக்கக் கூடாது, வேறொருவருக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது விதி. பக்கத்து இருக்கைக்காரிக்குத் தள்ளிவிட்டேன். தோல் பிரிவு என்று மட்டும் தெரிந்தது. குளத்து மருந்து ஒத்துக்கொள்ளாமல் ஏதாவது அரிப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உன்னைக் கேட்டால் கோப்பைப் பார்த்தேன் என்று ஆகிவிடுமே என்று கேட்காமல் இருந்தேன்.

அவள் தப்பாகப் போடவில்லை அக்கா. உனக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன். தோலில் இருக்கும் இந்த மாதிரிக் கறுப்புக்கு மூன்று விதமான கோட் உண்டு. மேல்தோலோடு நிற்கும் ஆரம்பநிலைப் புற்றுநோய்க்கு ஒன்று. அது கீழே இறங்கிவிட்டால் வேறொன்று. என்னவென்று சோதனைக்கூடத்தால் தீர்மானிக்க முடியாவிட்டால் மூன்றாவது. டாக்டர் எழுதியதைத்தான் நாங்கள் கோட் ஆக்கலாம். இருக்கலாம், சந்தேகம், போலத் தெரிகிறது, இந்தச் சொற்கள் வந்தால் அந்த நோய் இருக்கிறது என்று போடக் கூடாது. முதல் நாள் பயிற்சியிலேயே இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இல்லாத நோய் ஒருவர் தலையில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது. உனக்கு மூன்றாவது கோட் விழுந்திருக்கிறது.

அந்த மூன்றாவது கோட் உங்கள் ஆஸ்பத்திரியில் எந்த வரிசைக்குப் போகும் என்று இத்தனை வருஷத்தில் நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எங்கள் திரையோடு எங்கள் வேலை முடிந்துவிடும்.

புது டாக்டரைப் பார். "இது ஆரம்பநிலை மெலனோமா" என்று உறுதியாக ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொல். அந்த வரி வந்தால் அன்றைக்கே கோட் மாறும். நீ திட்டினாலும் பரவாயில்லை, பதில் போடு.

தம்பி


மார்ச் 2

ஒல்லி,

நீ சொன்ன ஒரு வரிக்காக நான் நடந்ததைக் கேள்.

புது டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருக்கிறார். மரியாதையாகத்தான் பேசினார். ரிப்போர்ட்டைப் படித்தார். காலைத் திருப்பி விளக்கடியில் பார்த்தார். "எடுத்துடறது நல்லதும்மா" என்றார்.

"மெலனோமான்னு எழுதிக் கொடுங்க டாக்டர். அப்பதான் நாள் கிடைக்கும்."

"பரிசோதனைக்கூடமே உறுதியாச் சொல்லலையே. அவங்க சொன்னதுக்கு மேல நான் எப்படி எழுதறது? நாளைக்கு இல்லைன்னு ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்."

பரிசோதனைக்கூடத்துக்குப் போனேன். இரண்டாவது மாடிக் கடைசியில், லிப்ட் நிற்காத இடத்தில் இருக்கிறது. ஜன்னலில் இருந்த பெண் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "வந்த சதை ரொம்பச் சின்னது, இதுக்கு மேல சொல்ல முடியாதாம். முழுசா எடுத்து அனுப்பினா சொல்வாங்களாம்."

"முழுசா எடுக்கத்தானே நான் நாள் கேக்கறேன்?"

"அதுக்கு நீங்க டாக்டரைப் பாக்கணும்மா."

மறுபடி டாக்டர். மறுபடி ஜன்னல். வாசலில் இருக்கும் காவலாளிக்கே என் முகம் பழகிவிட்டது. "இன்னிக்கும் ஆகலையா?" என்று கேட்கிறார்.

இப்போது குளத்தில் ரப்பர் ஷூ போட்டுக்கொண்டு நிற்கிறேன். காலில் அடிபட்டுவிட்டது என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். உன் மாமா தினமும் காலையில் என் குதிகால் பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுக்கிறார். "பெரிசாகலை, பெரிசாகலை" என்கிறார். நேற்று ஷூவைக் கழற்றி அவருக்குத் தெரியாமல் அழுதேன். கால் என்னுடையது என்றே தோன்றவில்லை. யாரோ கொண்டுவந்து ஒட்டிவிட்ட மாதிரி இருக்கிறது.

உன் பக்கத்து இருக்கைக்காரி போட்ட கோட்தானே. அவளிடம் சொல். ஒரு வார்த்தை. அக்கா என்று சொல். எனக்கு உயிர் போய்விடும் போல இருக்கிறது என்று சொல். நீ யார் காலிலும் விழ மாட்டாய் என்று எனக்குத் தெரியும். நான் விழுந்ததாக நினைத்துக்கொள். ஆகஸ்ட் வரை என்னால் இருக்க முடியாது.

அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்கா,

கேட்டேன். கேன்டீனில் வைத்துக் கேட்டேன்.

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "உங்க அக்காவா? அன்னைக்கே சொல்லியிருந்தா அப்பவே போட்டிருப்பேனே" என்றாள்.

"எதை?"

"புற்றுநோய்க் கோட்தான். ரெண்டு எழுத்து மாத்தணும், அவ்வளவுதான். ஆடிட்ல மாட்டினா தப்பாப் படிச்சிட்டேன்னு சொல்லிக்கிறேன். நீங்க ம்னு சொல்லுங்க, மத்தியானமே திருத்தி அனுப்பிடறேன்."

நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் அக்கா.

இந்த வரிக்கு மேல் நீ படிப்பாயா என்று தெரியவில்லை. படித்தால் காரணத்தையும் படி. அவளுக்கு இரண்டு குழந்தைகள், அவள் சம்பளத்தில் வீடு நடக்கிறது. ஆடிட்டில் மாட்டினால் மன்னித்து விட மாட்டார்கள். அது ஒன்று. அதைவிடப் பெரியது, உன் பெயருக்கு நேரே அந்தக் கோட் ஏறினால் இறங்காது. சதையை எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று வந்தாலும், உன் பதிவில் நீ புற்றுநோய்க்காரிதான். உன் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் உடல் தகுதிச் சான்று கேட்கிறார்கள். குளத்தில் பிள்ளைகளை நம்பி விடும் இடம். உன்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டால், குளம் இல்லாமல் நீ என்ன ஆவாய்? அடுத்து வரும் டாக்டர் அந்தப் பொய்யின் மேல்தான் எல்லாவற்றையும் தீர்மானிப்பார். ஒரு பொய்க் கோட் என்ன செய்யும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் உண்மை. ஆனால் வேண்டாம் என்று சொன்ன அந்த நேரத்தில் இவ்வளவும் யோசித்துத்தான் சொன்னேனா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. பிறகுதான் காரணங்களைக் கூட்டிச் சேர்த்தேன்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "உங்க இடத்துல நானா இருந்தா கேட்டிருப்பேன்" என்று மட்டும் சொன்னாள்.

நேர்வழியில் செய்ய முடிந்ததைச் செய்கிறேன். தெளிவான விளக்கம் வேண்டும் என்று கம்பெனி மூலமாக ஆஸ்பத்திரிக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் பொறு.

தம்பி


மார்ச் 15

உன் கடிதம் கிடைத்தது.

நீ நல்லவன். அதை வைத்துக்கொண்டு நன்றாக இரு. எனக்கு இனி எழுத வேண்டாம். போன் செய்தாலும் எடுக்க மாட்டேன்.


ஏப்ரல் 8

அன்புள்ள அக்கா,

ஞாயிற்றுக்கிழமை வந்தேன். மாமா கதவைப் பாதி திறந்து, "தூங்கறாப்பா" என்றார். உள்ளே நீ பாத்திரத்தை வைக்கும் சத்தம் கேட்டது. உன்னைத் தவிர வேறு யாரும் அவ்வளவு ஓங்கி வைக்க மாட்டார்கள். மாமா என் தோளைத் தட்டினார். ஆரஞ்சுப் பையை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

கம்பெனி எழுதியதற்கு ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்துவிட்டது. ஒரே வரி. "ஏற்கெனவே உள்ள பதிவே போதுமானது." யார் எழுதினார்கள் என்றுகூட இல்லை.

ஒரு வழி இருக்கிறது. எங்கள் டீம் லீடரின் மாமனார் பரிசோதனைக்கூடத்தில் இருந்தவராம், அவரிடம் விசாரித்தேன். உன் சதையைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி வைத்திருப்பார்கள், தூக்கிப் போட மாட்டார்கள். அதை இன்னொரு மூத்த மருத்துவர் பார்த்துக் கருத்துச் சொல்லலாம். அப்படிக் கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. ஜன்னலோடு திரும்பாதே. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட பரிசோதனைக்கூட டாக்டரை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்.

என்மேல் இருக்கிற கோபத்தில் இதை மட்டும் தள்ளிவிடாதே. நான் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். யாரோ தெருவில் போகிறவர் சொன்னதாக வைத்துக்கொள்.

தம்பி


மே 12

அன்புள்ள அக்கா,

நீ இவற்றைப் பிரிக்கிறாயா, பிரிக்காமல் போடுகிறாயா என்று தெரியாமல் எழுதுகிறேன். மாமாவிடம் போனில் கேட்டேன். "நல்லா இருக்கா" என்கிறார். "நாள் கிடைச்சுதா" என்றால் "பாப்போம்" என்கிறார். அவர் குரலில் நீ பக்கத்தில் நிற்பது தெரிகிறது.

எனக்கு வேலை ஓடவில்லை. "இருக்கலாம்" என்று எழுதிய கோப்புகள் தினமும் வருகின்றன. முன்பெல்லாம் அந்தச் சொல்லைப் பார்த்ததும் கை தானாக மூன்றாவது கோட் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். இப்போது போகவில்லை. இந்தப் பெண்ணுக்கு எந்த ஜன்னலில் என்ன சொன்னார்களோ, இந்தக் கிழவரோடு யார் போனார்களோ என்று உட்கார்ந்துவிடுகிறேன். ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்டு எழுதுகிறேன். டீம் லீடர் கூப்பிட்டு, "என்ன சார், ஊருக்கே நீங்கதான் வைத்தியமா?" என்று கேட்டார். திரும்பி வந்து அடுத்ததற்கும் விளக்கம் கேட்டு எழுதினேன்.

ஒரு வரி போடு அக்கா. திட்டி எழுது. நீ திட்டினால் நீ இருக்கிறாய் என்று தெரியும்.

தம்பி


ஜூன் 2

தம்பிக்கு,

தெருவில் போகிறவர் சொன்னதைக் கேட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சமாதானம் என்று நினைத்துக்கொள்ளாதே.

பரிசோதனைக்கூட ஜன்னலுக்குப் போய், ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும் என்றேன். நோயாளிகள் உள்ளே வரக் கூடாது என்றார்கள். இன்று இல்லை, நாளை வாருங்கள் என்றார்கள். அப்படியே பல நாள். ஒரு நாள் மத்தியானம் அவரே சாப்பிடப் போகக் கதவைத் திறந்தார். நான் வழியை மறித்து நின்றுகொண்டேன். என்ன பேசுவது என்று வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் காலைத் தூக்கிக் காட்டினேன். நடைபாதையில் எல்லோரும் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கம் கெட்டுப்போனதில்லை.

அவர் குனிந்து பார்த்தார்.

"இவ்வளவு பெரிசா?" என்றார். "எனக்கு வந்தது கடுகு மாதிரி ஒரு துண்டும்மா. கூட வந்த சீட்டுல 'குதிகால் மச்சம்'னு ரெண்டு வார்த்தை. எவ்வளவு பெரிசு, எப்ப வந்தது, வளருதா, ஒண்ணுமே எழுதலை. நாங்க இங்க ஆளைப் பாக்கறதில்லை. முழுக் காலை நான் பாத்தே எத்தனை வருஷம் ஆச்சு."

உன் மாமா எடுத்த படங்களை எல்லாம் காட்டினேன். ஸ்கேலோடு. அவர் என்னை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். தகட்டை மறுபடி பார்த்தார், அவருடைய ஆசிரியருக்கும் அனுப்பினார். இரண்டு பேரும் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டு எழுதிவிட்டார்கள். ஆரம்பநிலை மெலனோமா. மேல்தோலோடு நிற்கிறது. "இருக்கலாம்" இல்லை.

நீ சொன்ன மாதிரியே அன்றைக்கே கோட் மாறிவிட்டது. ஜூன் கடைசியில் ஆபரேஷன்.

புற்றுநோய் உறுதி என்று எழுதிய காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே படியிறங்கினேன். காவலாளி, "ஆயிடுச்சா?" என்றார். "ஆயிடுச்சு" என்றேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் எதற்குச் சிரித்தேன் என்று உறைத்தது.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்கா,

மேல்தோலோடு நிற்கிறது என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். முழுவதும் எடுத்துவிட்டால் அதோடு போய்விடும். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இந்தக் கோட் உள்ளவர்களின் கோப்புகள் மறுபடி மறுபடி வருவதில்லை, அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

ஆபரேஷனுக்கு லீவு போட்டுவிட்டேன். வரட்டுமா என்று கேட்கவில்லை. வராதே என்று எழுதினால் வரவில்லை.

தம்பி


ஜூன் 14

வராதே. மாமா போதும்.


ஜூலை 19

ஒல்லி,

படுத்துக்கொண்டே எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. குதிகாலில் ஒரு குழி மாதிரி வெட்டி எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோலை உரித்து அங்கே ஒட்டியிருக்கிறார்கள். குதிகாலை விடத் தொடைதான் எரிகிறது. காலை ஊன்றக் கூடாது. ஊன்றுகோல் வைத்துக்கொண்டு பாத்ரூம் வரை போகிறேன், உன் மாமா பின்னாலேயே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வருகிறார், கோழி பிடிக்க வருகிற மாதிரி.

முழுச் சதையின் ரிப்போர்ட் வந்துவிட்டது. இதை எப்படி எழுதுவதென்று மூன்று நாளாகப் பார்க்கிறேன். நேராகவே எழுதிவிடுகிறேன்.

ஒரு ஓரத்தில் கீழே இறங்கியிருக்கிறது. கொஞ்சம்தான். காகிதக் கனம் என்றார் டாக்டரம்மா. இதுவும் ஆரம்பம்தானாம். சுற்றிலும் எடுத்த இடம் சுத்தமாக இருக்கிறது, நெறிகட்டும் இடத்தில் வெட்டிப் பார்க்கத் தேவையில்லை, வேறு மருந்து வேண்டாம் என்கிறார்கள். ஆனால் மேல்தோலோடு நிற்கவில்லை.

நீ முதல் கடிதத்தில் எழுதிய இரண்டாவது கோட் அது. இப்போது அது உண்மையாகவே என்னுடையது. உன் பக்கத்து இருக்கைக்காரி மார்ச்சில் பொய்யாகப் போடத் தயாராக இருந்ததை இப்போது விதிப்படியே போடலாம்.

பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியாகிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார்கள். அடுத்த வருஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கூடப் படித்த பிள்ளைகள் கரையில் நிற்க, அந்தப் பயந்தாங்கொள்ளிப் பெண் சுவரை விட்டுவிட்டு நீந்தினாளாம். வேறு டீச்சரிடம்.

அக்கா


ஜூலை 26

அக்கா,

நான் வேண்டாம் என்று சொன்னேன். அவள் கேட்டாள், நான் வேண்டாம் என்று சொன்னேன். ம் என்று ஓர் எழுத்து. மார்ச்சில் அதைச் சொல்லியிருந்தால் ஏப்ரலில் உன் காலில் அது இருந்திருக்காது.

நாலு நாளாக வேலைக்குப் போகவில்லை. போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரி வீட்டுக்கே வந்தாள். உன் ரிப்போர்ட் அவளுக்குத்தான் வந்திருக்கிறது. கோப்பில் என்ன இருந்தது என்று சொல்லவில்லை, சொல்லக் கூடாது. வாசலில் நின்று, "சாப்டீங்களா" என்று மட்டும் கேட்டாள். அவள் கண்ணைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உன் வேலை போய்விடக் கூடாது என்றுதான் வேண்டாம் என்றேன். இப்போது அந்த வேலையும் இல்லை. பொய் ஏறக் கூடாது என்றேன். இப்போது உண்மை ஏறிவிட்டது. நான் காப்பாற்ற நினைத்தது எதுவும் மிஞ்சவில்லை.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. நீ மன்னித்தால் என்னால் தாங்க முடியாது. மன்னிக்காவிட்டாலும் தாங்க முடியாது. என்ன செய்வதென்று நீயே சொல். சின்ன வயதிலிருந்து நீதான் சொல்வாய், நான் கேட்பேன்.

தம்பி


ஆகஸ்ட் 11

டேய்,

உன் கடிதத்தை உன் மாமாவும் படித்தார். படித்துவிட்டு, "அவனை இப்படி விடாதே" என்றார். அதற்காக எழுதவில்லை. எனக்கே எழுத வேண்டும் போலத்தான் இருந்தது.

கட்டு மாற்றப் போன அன்று, இரண்டாவது மாடிக்கு ஊன்றுகோலோடு ஏறி டாக்டரம்மாவைப் பார்த்தேன். நீ எதை நினைத்துத் தலையை முட்டிக்கொள்கிறாயோ அதையே கேட்டேன். "பிப்ரவரி, மார்ச்லயே எடுத்திருந்தா இறங்காம இருந்திருக்குமா டாக்டர்?"

அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். "தெரியாதும்மா. முதல்ல எடுத்த துண்டு நடுவுல இருந்து. இறங்கினது ஓரத்துல. அன்னைக்கே இறங்கியிருந்ததோ, அப்புறம் இறங்கினதோ, யாராலயும் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன்."

"ஒரு பக்கமாவது சொல்லுங்களேன்."

"எனக்குத் தெரியாததை நான் எழுத மாட்டேன். சொல்லவும் மாட்டேன்."

வெளியே வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவ்வளவு கோபம் வந்தது எனக்கு. ஆனால் யார்மேல் என்று தெரியவில்லை. இரண்டு வார்த்தை எழுதிவிட்டு மாற்றலாகிப் போனவள் மேலா? அவள் எங்கே இருக்கிறாளோ. அந்தச் சின்ன டாக்டர்மேலா? தனக்குத் தெரியாததை எழுத மாட்டேன் என்றுதானே அவரும் சொன்னார். ஜன்னல்காரர்மேலா? கம்ப்யூட்டர்மேலா? ஒவ்வொருவரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் சரியாக நடந்து என் காலில் இவ்வளவு பெரிய குழி.

நான் உன்னை மன்னிக்கவில்லை. அதைத் தெளிவாகவே எழுதிவிடுகிறேன். ராத்திரியில் வலி வரும்போது, அந்த ம் உன் வாயிலிருந்து வராமல் போனதே என்று நினைக்கிறேன். காலையில் எழுந்து, நீ எழுதாவிட்டால் அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றிருக்கவே மாட்டேன் என்றும் நினைக்கிறேன். இரண்டும் ஒரே தலைக்குள்தான் ஓடுகின்றன. எது ஜெயிக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் இந்த ஆறு மாதமும் நான் தினமும் யார்மேலாவது கோபப்பட்டு எழுந்துதான் நாளைத் தள்ளினேன். அதற்கு நீ அசையாமல் நின்றாய். பையைக் கொடுத்துவிட்டுப் போனாய், மறுபடி எழுதினாய். நீயும் நகர்ந்துவிட்டால் நான் எதைப் பிடித்துக்கொள்வேன்? வேலைக்குப் போ. சாப்பிடு. உடைந்து உட்காருகிற வேலையை எனக்கு விட்டுவிடு, முறைப்படி அது என்னுடையது. இன்னும் கொஞ்ச நாளைக்கு நீயே நில்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உடம்பு முழுவதும் பார்க்க வேண்டுமாம். புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா, இருப்பது மாறியிருக்கிறதா என்று. நடுவில் வீட்டிலும் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள். கை, கால், வயிறெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். முதுகு எனக்குத் தெரியாது. உன் மாமா பார்த்தால் ஒவ்வொரு மச்சத்துக்கும் அழுகிறார், எது எங்கே இருந்தது என்று அவருக்கு மறந்துவிடுகிறது. நீ அழாமல் பார்ப்பாய். இருப்பதை இருக்கிறபடி சொல்வாய்.

சனிக்கிழமை வா. கதவை நானே திறக்கிறேன். வருவதற்குக் கொஞ்சம் நேரமாகும், நின்றுகொண்டிரு.

அக்கா